தீ அணைந்தாலும் ஆபத்து தீராது: எரிந்த மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த முடியுமா?

விதை தூவினால் போதுமா? வைக்கோல் போட்டால் நிற்குமா? காட்டுத்தீக்குப் பிறகு வரும் சேற்று வெள்ளத்தைத் தடுக்க கலிபோர்னியாவும் கொலராடோவும் செய்து பார்த்தது என்ன, அதில் எது பலித்தது என்று விரிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய ஊர் மான்டசிட்டோ. ஓப்ரா வின்ஃப்ரே போன்ற பிரபலங்கள் வீடு வாங்கிய இடம். 2018 ஜனவரி 9 அதிகாலை, ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கனமழை கொட்டியது. சுமார் ஐந்து நிமிடத்தில் அரை அங்குலத்துக்கு மேல். சென்னை மழையைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மழையா என்றுகூடத் தோன்றலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

மலையிலிருந்து சேறும், கருகிய மரங்களும், கார் அளவுப் பாறைகளும் ஓடைகளை நிரப்பிக்கொண்டு கீழே வந்தன. ஓடைக்குள் அடங்காமல் தெருக்களில் ஏறி, வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்துக்கொண்டு கடல் வரை போயின. 23 பேர் உயிரிழந்தனர். 400க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. கடற்கரையை ஒட்டிச் செல்லும் 101 நெடுஞ்சாலை சேற்றில் மூழ்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக்கிடந்தது.

அந்த மலை ஒரு மாதத்துக்கு முன்புதான் எரிந்திருந்தது. 2017 டிசம்பர் 4ஆம் தேதி தொடங்கிய 'தாமஸ்' காட்டுத்தீ 2,81,893 ஏக்கரைச் சாம்பலாக்கியது. கலிபோர்னியாவின் நவீன வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய காட்டுத்தீ பதிவானதில்லை. கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: அந்தத் தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்ததாக அதிகாரிகள் அறிவித்தது ஜனவரி 12ஆம் தேதி. சேறு வந்ததோ ஜனவரி 9. கணக்குப்படி தீ இன்னும் முடியவே இல்லை; அதற்குள் மலை இறங்கிவிட்டது.

எரிந்த சரிவில் மண் அரிப்பைத் தடுப்பது பற்றி என்ன பேசினாலும் இந்த மூன்று நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

வயநாட்டில் நடந்தது மாதிரியா?

இல்லை. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே நடப்பது வேறு.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் 250க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட நிலச்சரிவு, நாள்கணக்கில் பெய்த மழையால் வந்தது. தண்ணீர் மண்ணுக்குள் ஊறி, ஊறி, மண்ணின் பிடிப்பு விட்டுப்போய், சரிவு மொத்தமாகப் பெயர்ந்தது.

எரிந்த மலையில் இதற்கு நேர் எதிரான காரியம் நடக்கிறது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதே இல்லை. மழை நின்ற பிறகு தோண்டிப் பார்த்தால் சில அங்குலத்துக்குக் கீழே மண் காய்ந்து கிடப்பதைக்கூடப் பார்க்கலாம். உள்ளே போகாத தண்ணீர் மொத்தமும் மேலேயே வழிந்து ஓடுகிறது. ஓடும்போது சாம்பலை, மணலை, கூழாங்கல்லை அள்ளுகிறது. கீழே போகப்போகப் பாறைகளையும் உருட்டுகிறது. ஓடைக்குள் வந்து சேரும்போது அது தண்ணீராக இருப்பதில்லை. கட்டட வேலையில் கலக்கும் ஈரக் கான்கிரீட் மாதிரி கெட்டியான சேறு. தண்ணீரில் முங்கிவிடும் பாறைகூட இந்தச் சேற்றில் மிதந்தாற்போல வரும்.

மான்டசிட்டோவில் இப்படி இறங்கியது 6 லட்சம் கன மீட்டருக்கு மேல் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. ஒரு டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால் 60,000 லோடு.

தண்ணீர் ஏன் உள்ளே போவதில்லை?

முதல் காரணம் எளிது. மரமும் புதரும் இருக்கும்போது மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. இலையில் பட்டு, கிளையில் வழிந்து, தரையில் கிடக்கும் சருகு மெத்தையில் இறங்கி, மெதுவாகத்தான் மண்ணைத் தொடும். தீ இந்த மூன்றையும் எடுத்துவிடுகிறது. வெறும் மண்ணில் துளி ஒவ்வொன்றும் சுத்தியல் அடி மாதிரி விழுகிறது. தெறிக்கும் நுண்துகளும் சாம்பலும் மண்ணின் துளைகளை அடைத்து, மேலே பூசி மெழுகியது போல் ஆக்கிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. தென் கலிபோர்னியாவின் மலைகளில் வளர்வது பெரும்பாலும் 'சாப்பரல்' எனப்படும் புதர்க்காடு. வறட்சியைத் தாங்கும் இந்தச் செடிகளின் இலைகளில் மெழுகும் எண்ணெயும் அதிகம். தீயில் இவை ஆவியாகின்றன. அந்த ஆவியில் ஒரு பகுதி மேலே போகாமல் மண்ணுக்குள் இறங்கி, சூடு குறைந்த இடத்தில் குளிர்ந்து, மண் துகள்களின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சாகப் படிகிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுமே, அந்த வேலையைத்தான் இந்த மண் அடுக்கும் செய்கிறது. இந்த அடுக்கு சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே கரைந்துவிடும்.

மூன்றாவதாக, மழையே இல்லாமல் நடக்கும் ஒன்று உண்டு. செங்குத்தான சரிவில் பல ஆண்டுகளாக உருண்டு வந்த மணலும் சரளையும் புதர்களின் அடித்தண்டில் தேங்கி நிற்கும். புதர் எரிந்ததும் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே மணல் சரசரவென்று கீழே வழிந்து ஓடைப் பள்ளங்களை நிரப்பிவிடும். துப்பாக்கியில் தோட்டா போட்டு வைப்பது மாதிரிதான் இது. மழை வர வேண்டியதுதான் பாக்கி.

எவ்வளவு மழை வேண்டும்? தென் கலிபோர்னியாவில் 30 நிமிடத்தில் 7 மில்லிமீட்டர் மழைகூட சேற்று வெள்ளத்தைக் கிளப்பியிருக்கிறது என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம். நாள் முழுக்கத் தூறும் 100 மில்லிமீட்டர் மழை அந்தளவு பயமில்லை. பதினைந்தே நிமிடம் ஊற்றும் மழைதான் எமன். அதனால்தான் அங்கே வானிலை எச்சரிக்கைகள் மொத்த மழை அளவைவிட, கால் மணி நேரத்தில் எவ்வளவு பெய்யும் என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன.

விதை தூவினால் என்ன?

காடு எரிந்தால் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஹெலிகாப்டரில் விதை தூவலாம், புல் முளைக்கும், வேர் மண்ணைப் பிடிக்கும். டிவியில் காட்டவும் அழகாக இருக்கும். அரசு ஏதோ செய்கிறது என்ற திருப்தியும் கிடைக்கும்.

கலிபோர்னியா இதைப் பல பத்தாண்டுகள் செய்து பார்த்துவிட்டது. 1930கள், 40களில் எரிந்த மலைகளில் தூவியது என்ன தெரியுமா? கடுகு. கருங்கடுகு வேகமாக முளைக்கும் என்பது கணக்கு. முளைத்தது உண்மைதான். ஆனால் மலையோடு நிற்காமல் கீழே உள்ள பழத்தோட்டங்களுக்கும் பரவி, விவசாயிகள் கொதித்துப்போனார்கள். அதன்பின் 'ரை' புல் வந்தது. அதுவும் அந்த மண்ணுக்குரிய செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோடையில் காய்ந்து அடுத்த தீக்கு விறகானது.

சரி, இவ்வளவு பிரச்சனை இருந்தாலும் மண்ணையாவது பிடித்ததா என்றால், அங்கேதான் ஏமாற்றம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் பீட்டர் ரோபிஷோ, ஜேன் பேயர்ஸ், டேனியல் நியரி ஆகியோர், தீக்குப் பிந்தைய சீரமைப்புப் பணிகள் எந்தளவு பலித்தன என்று தொகுத்துப் பார்த்தனர். மிக அதிகமாகச் செய்யப்பட்ட வேலை விதைத் தூவல். முதல் ஆண்டு அரிப்பைக் குறைத்ததற்கு அதனிடம் நம்பகமான ஆதாரம் மிகக் குறைவு. அதன்பின் வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

காரணத்தை யோசித்தால் புரியும். விதை முளைக்க மழை வேண்டும். அந்த மழைதான் மண்ணையும், அதோடு சேர்த்து விதையையும் அடித்துக்கொண்டு போகிறது. மென்மையான தூறல் பெய்தால் புல் முளைக்கும், ஆனால் அப்போது ஆபத்தே பெரிதாக இருந்திருக்காது. மான்டசிட்டோவில் ஜனவரி 9க்கு முன் எந்த விதையும் தழைத்திருக்க வாய்ப்பே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு கேள்வி வரலாம்: வெட்டிவேர்? நியாயமான கேள்விதான். ஆங்கிலம் உட்பட உலக மொழிகளில் அந்தச் செடிக்கு இருக்கும் பெயரே தமிழிலிருந்து போனது. மூன்று மீட்டருக்கும் மேல் நேராகக் கீழே இறங்கும் அதன் வேரை நம்பி, பல நாடுகளில் சாலையோரச் சரிவுகளில் வரிசை வரிசையாக நடுகிறார்கள். ஆனால் வெட்டிவேரை விதையாகத் தூவ முடியாது. நாற்றைக் கையால் நட வேண்டும், வேர் இறங்க ஒரு பருவமாவது பொறுக்க வேண்டும். சாலைச் சரிவுக்கு அது சரி. ஆள் ஏறவே முடியாத, நேற்று எரிந்து நாளை மழை வரப்போகிற ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைக்கு அது உதவாது.

அப்போ எதுதான் வேலை செய்யும்?

நம் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை. மூடாக்கு.

மிளகாய்ப் பாத்தியில் வைக்கோலைப் பரப்புகிறோமே, அதையே மலை அளவில் செய்வது. கோதுமை வைக்கோல் கட்டுகளை வலையில் கட்டி ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு, சரிவின் மேல் பறந்து அவிழ்த்துவிடுகிறார்கள். வைக்கோல் சிதறி விழுந்து தரையை மூடுகிறது. முளைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. விழுந்த நொடியிலிருந்து வேலை செய்யும். துளியின் அடியை வாங்கிக்கொள்ளும், ஓடும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த ஈரத்தில், மண்ணிலேயே உயிரோடு கிடக்கும் அந்த ஊர்ச் செடிகளின் விதையும் அடித்தண்டும் தானாகத் துளிர்க்கும். வெளியிலிருந்து விதை கொண்டுவந்து கொட்டத் தேவையில்லை.

கொலராடோவில் 2000ஆம் ஆண்டு எரிந்த 'பாப்கேட்' தீப்பகுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்கள். முதல் கோடையில் வந்த கடும் மழையில் எதுவும் நிற்கவில்லை. அதன் பிந்தைய ஆண்டுகளில், வைக்கோல் போட்ட இடங்களில் அரித்துப் போன மண் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. விதை மட்டும் தூவிய இடத்துக்கும், ஒன்றுமே செய்யாத இடத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆனால் வைக்கோலுக்கும் எல்லை உண்டு. தரையில் குறைந்தது 60 முதல் 70 சதவீதம் மூடினால்தான் முழுப் பலன். காற்று பலமாக வீசும் மலை முகட்டில் அது பறந்து பள்ளத்தில் போய்க் குவிந்துவிடும். வைக்கோலோடு களை விதையும் வந்து சேரும் என்பதால், களை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோல்தான் போட வேண்டும். பறக்காமல் இருக்க, எரிந்த மரங்களையே அரைத்து மரச்சீவலாகக் கொட்டுகிறார்கள். அது கனமானது, நீண்ட நாள் நிற்கும். ஆனால் எடை கூடினால் ஹெலிகாப்டர் நடை கூடும், செலவும் கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சரிவின் கோணம். 100 அடி முன்னால் போனால் 60 அடி மேலே ஏறும் அளவுக்கு, அதாவது சுமார் 31 டிகிரிக்கு மேல் சரிவு செங்குத்தாகிவிட்டால் வைக்கோல் தரையில் தங்காது, வழுக்கிவிடும். மான்டசிட்டோவுக்கு மேலே நிற்கும் சான்டா இனெஸ் மலையிலும், லாஸ் ஏஞ்சலஸுக்கு மேலே உள்ள சான் கேப்ரியல் மலையிலும் அதைத் தாண்டிய சரிவுகள் ஏராளம். எங்கே ஆபத்து அதிகமோ அங்கேதான் மருந்து ஒட்டாது. இதைச் சொல்லாமல் மூடாக்கைப் புகழ்வது அரைகுறைச் செய்திதான்.

அதனால் எல்லா இடத்திலும் கொட்டுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் இதற்கென்றே அவசரகாலக் குழு இருக்கிறது. மண் விஞ்ஞானி, நீரியல் நிபுணர், புவியியலாளர் எல்லாரும் சேர்ந்த குழு அது. தீ கட்டுக்குள் வந்த ஏழு நாட்களுக்குள் முதல் அறிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். பல நேரங்களில் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் செயற்கைக்கோள் படம், அப்புறம் நேரில் போய் மண்ணைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். காடு எவ்வளவு எரிந்தது என்பது இவர்களுக்குக் கேள்வி கிடையாது. மண் எவ்வளவு எரிந்தது என்பதுதான். அதை வைத்து வரைபடம் போட்டு, மண் கடுமையாக வெந்துபோன, கீழே வீடோ சாலையோ குடிநீர் அணையோ இருக்கிற, வைக்கோல் தங்கும் சரிவுள்ள இடங்களாகத் தேடிப் பணத்தைச் செலவழிப்பார்கள்.

குடிநீர் அணை என்பது சும்மா பட்டியலுக்குச் சேர்த்ததில்லை. 1996 மே மாதம் கொலராடோவில் பஃபலோ கிரீக் பகுதி எரிந்தது. இரண்டே மாதத்தில், ஜூலை 12 மழையில் வந்த வெள்ளத்தில் இருவர் பலி. அடித்து வந்த மண்ணும் கட்டைகளும் டென்வர் நகரத்துக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கத்தில் போய்க் குவிந்தன. 2002ல் அதே நீர்ப்பிடிப்பில் சுமார் 1,38,000 ஏக்கரை எரித்த 'ஹேமன்' தீயும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டு தீயின் பின்விளைவுகளுக்காக டென்வர் குடிநீர் வாரியம் செலவழித்தது 2.5 கோடி டாலருக்கு மேல்.

மரத்தடி, மூட்டை, உருளை

எரிந்த மரங்களை வெட்டி, நம் ஊர் சம உயர வரப்பு மாதிரி சரிவுக்குக் குறுக்கே படுக்க வைப்பது இன்னொரு பழைய முறை. வைக்கோலை வலைக்குள் திணித்து நீளமான உருளையாக்கி, குறுக்கே பதித்து முளையடிப்பதும் உண்டு. சின்ன மழைக்கு இவை பரவாயில்லை. பின்னால் மண் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், வேலை முடிந்தது. தரையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: தண்ணீர் முழுவதும் அந்த இடைவெளியைத் தேடி ஒரே இடத்தில் பாய்ந்து, புதிதாக ஒரு ஓடையே வெட்டிவிடும். ஆள் கூலியும் அதிகம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மேட்டுக்கு உருளை சரி. மலைக்கு இல்லை.

மலையில் நிற்காததைக் கீழே பிடிப்பது

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் இந்தப் பாடத்தைக் கற்றது 1934 புத்தாண்டு நாளில். முந்தைய நவம்பரில் எரிந்த மலையிலிருந்து வந்த சேறு கிரசென்டா பள்ளத்தாக்கில் புகுந்தது. குறைந்தது 40 பேர் இறந்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் தஞ்சம் புகுந்திருந்த ஒரு மண்டபத்துக்குள்ளேயே சேறு பாய்ந்து பலரைக் கொன்றது.

அதன்பிறகுதான் மலை வாய்களில் பெரிய பெரிய தடுப்புக் குட்டைகள் கட்டப்பட்டன. பார்க்கத் தண்ணீரே இல்லாத வெற்றுக் குளம் மாதிரி இருக்கும். சேறும் பாறையும் உள்ளே விழுந்து தங்கும். தண்ணீர் மட்டும் வடிந்து கால்வாய்க்குப் போகும். இன்று அந்த மாவட்டத்தில் இப்படி 150க்கும் மேற்பட்ட குட்டைகள் இருக்கின்றன. வருடக்கணக்கில் சும்மா கிடப்பதைப் பார்த்து, இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். ஒரு தீயும் ஒரு மழையும் வந்தால் ஒரே இரவில் நிரம்பிவிடும். நிரம்பியதை அடுத்த மழைக்குள் காலி செய்ய வேண்டும். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்பது அங்கே ஒவ்வொரு முறையும் எழும் தனிச் சண்டை.

மான்டசிட்டோவிலும் குட்டைகள் இருந்தன. மழைக்கு முன்பே அவற்றைக் காலி செய்தும் வைத்திருந்தார்கள். ஆனால் அவை மிகச் சிறியவை. வந்த சேறு அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. பேரழிவுக்குப் பிறகு ஊர் மக்கள் நன்கொடை திரட்டி, 2019ல் மலைப்பள்ளங்களின் குறுக்கே எஃகு வளையங்களால் ஆன ராட்சத வலைகளைக் கட்டினர். வீடுகள் இடிந்த இடத்தை மாவட்ட நிர்வாகம் விலைக்கு வாங்கி, ரேண்டால் சாலை அருகே பெரிய தடுப்புக் குட்டை ஒன்றை வெட்டியது. வீடு இருந்த இடத்தை ஓடைக்கே திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

2023 ஜனவரி 9, சரியாக ஐந்து வருடம் கழித்து அதே தேதியில், பெரும் மழை வந்தது. இந்த முறை மொத்த ஊரையும் வெளியேறச் சொன்னார்கள். ஓடைகள் பொங்கின, குட்டைகளில் சேறும் பாறையும் குவிந்தன. 2018 மாதிரி எதுவும் நடக்கவில்லை. இதில் குட்டைக்கு எவ்வளவு பங்கு, ஐந்து வருடத்தில் மலையில் திரும்ப முளைத்த புதருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் உதவின.

வரைபடத்தில் போட்ட கோடு

2018க்கு மறுபடி வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அன்று தோற்றது மண் மட்டும் இல்லை. ஆபத்து வரும் என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியும். எந்த ஓடை ஆபத்தானது என்ற வரைபடமும் கையில் இருந்தது. மழைக்கு முன்பே வெளியேற்ற உத்தரவும் போனது.

ஆனால் அந்த உத்தரவு, 192ஆம் எண் சாலையை எல்லைக் கோடாக வைத்துப் போடப்பட்டது. சாலைக்கு மேலே மலைப்பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் வெளியேற வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு 'விருப்பமிருந்தால்' என்ற வகை. சேற்றுக்குச் சாலை எண் தெரியாது. ஓடை போகும் வழியெல்லாம் அதுவும் போய், கோட்டுக்குக் கீழே இருந்த வீடுகளையும் வாரிக்கொண்டது.

மக்களைக் குறை சொல்வதும் எளிதில்லை. டிசம்பர் முழுக்கத் தீக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியவர்கள் அவர்கள். ஒருவழியாகத் திரும்பி வந்து பெட்டியைப் பிரித்திருப்பார்கள். வீடு எரியவில்லை, மேலே மலைதான் எரிந்தது. இப்போது மழை வரப்போகிறது, திரும்பவும் கிளம்புங்கள் என்றால் எத்தனை பேர் கிளம்புவார்கள்? செல்போன் அவசர எச்சரிக்கை ஒலித்தபோது சேறு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு சான்டா பார்பரா மாவட்டம் சாலைக் கோட்டை விட்டுவிட்டு, ஓடைகளின் போக்கை வைத்து ஆபத்துப் பகுதி வரைபடம் போட்டது. 'விருப்பமிருந்தால்' என்ற வார்த்தையையும் கைவிட்டது. அதே குளிர்காலத்தில் மார்ச் மாத மழைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். பெரிதாக எதுவும் நடக்காத நாட்களில் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஆனால் மிகச் செங்குத்தான சரிவுக்குக் கீழே வாழ்பவர்களுக்கு, முதல் குளிர்காலத்தில் நிச்சயமாக உயிரைக் காக்கும் வழி இப்போதைக்கு இது ஒன்றுதான். வைக்கோலும் வலையும் அதற்கு உதவி, மாற்று கிடையாது.

லாஸ் ஏஞ்சலஸ் 2025: வீடும் எரிந்து, மலையும் எரிந்தபோது

2025 ஜனவரி 7ஆம் தேதி மூண்ட பாலிசேட்ஸ், ஈட்டன் தீகள் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. ஒரு மாதம் தாண்டியதும், பிப்ரவரி 13 அன்று மழை வந்தது. மலிபு அருகே கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்த தீயணைப்புத் துறை ஊழியரின் காரைச் சேறு அப்படியே கடலுக்குள் தள்ளியது. அவர் காரிலிருந்து வெளியேறி, லேசான காயங்களோடு கரை சேர்ந்தார்.

இங்கே ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. எரிந்தது காடு மட்டும் இல்லை. வீடு, கார், பேட்டரி, பெயிண்ட், பிளாஸ்டிக் எல்லாம் எரிந்த நச்சுச் சாம்பல் சரிவுகளில் கிடந்தது. மழை அதைக் கடலுக்குக் கொண்டு போகாமல் தடுக்க, எரிந்த மனைகளைச் சுற்றி உருளைகளையும் மணல் மூட்டைகளையும், சாலையோரங்களில் கான்கிரீட் தடுப்புகளையும் வைத்தார்கள். மலைச்சரிவுக்கு அவ்வளவாக உதவாத உருளை, இந்த இடத்தில் உருப்படியான வேலை செய்கிறது. ஒரே பொருள், வேறு இடம், வேறு பலன்.

வீட்டுக்காரர்கள் தங்கள் அளவில் என்ன செய்யலாம் என்பதில் நிபுணர்கள் சொல்வது பெரும்பாலும் 'செய்யாதீர்கள்' ரகம். கருகிப்போன புதரைப் பார்க்கச் சகிக்காமல் வேரோடு பிடுங்கக் கூடாது. செத்த வேரும் சில வருடம் மண்ணைப் பிடித்து வைக்கும், பல புதர்கள் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கக்கூடிய வகை. புல்டோசர் விட்டுச் சமப்படுத்துவது தப்பு. சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பதும் பல நேரம் தப்பு: விழுகிற மழை மொத்தமும் வழுக்கி, கீழ் வீட்டுக்காரர் தலையில் போய் விழும். கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டு, சரிவின் மேல் விடாமல் தெருக் கால்வாய்க்குக் கொண்டு போவது, கல்வெட்டுகளில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வது, தேவையான இடத்தில் வைக்கோலோ மரச்சீவலோ பரப்புவது இவை போதும். ரயில் வருவது மாதிரி மலையிலிருந்து சத்தம் கேட்டால் ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

எத்தனை வருடம் பயப்பட வேண்டும்?

முதல் இரண்டு ஆண்டுகள்தான் மிக மோசம். பெரும்பாலான சேற்று வெள்ளங்கள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. மெழுகு அடுக்கு கரைந்து, செடி கொடி திரும்ப மூடும்போது ஆபத்து படிப்படியாகக் குறையும்.

பசுமை திரும்பிவிட்டது, இனி பயமில்லை என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில் இன்னொன்று வருகிறது. தீயில் செத்த பெரிய புதர்களின் வேர்கள் மெல்ல மெல்ல மக்கிப் போகும். புதிதாக முளைத்தவற்றின் வேர் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்காது. இப்போது மண் தண்ணீரைத் தாராளமாக உறிஞ்சும், ஆனால் பிடித்து வைக்க ஆழத்தில் ஒன்றும் இருக்காது. நீண்ட மழையில் சரிவு ஊறிப்போய்ப் பெயரும், அதாவது வயநாடு வகை. சான் கேப்ரியல் மலையில் 2016ல் எரிந்த சரிவுகளில், மூன்றாவது குளிர்காலமான 2019 ஜனவரியில் இப்படிப்பட்ட நிலச்சரிவுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாலிசேட்ஸ், ஈட்டன் தீகள் எரித்த சரிவுகளுக்கு அந்தக் கணக்கில் 2028ஐ ஒட்டிய குளிர்காலங்கள் இனிமேல்தான் வரவேண்டும்.